வியாபாரிக்கும் 'கோச்' வேண்டுமா?

சில ஆண்டுகளாக நம் பகுதி வணிகர்களின் கைப்பேசிக்கு மாதம் இரண்டு மூன்று அழைப்புகளாவது வந்தவண்ணம் இருக்கின்றன. புதுச்சேரியில் ஏதோ ஓர் ஓட்டல் மண்டபத்தில் ஒரு நாள் முகாம். கட்டணம் சில ஆயிரம். மதியச் சாப்பாடு உண்டு. தொழிலைப் பத்து மடங்கு பெருக்கும் வழி சொல்லித் தரப்படும். 'பிசினஸ் கோச்சிங்' என்றும் 'லைஃப் கோச்சிங்' என்றும் இதற்குப் பெயர். போய் வந்த நண்பர்கள் இரண்டு நாள் உற்சாகமாக இருக்கிறார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் கடன் நோட்டு அப்படியே இருக்கிறது. தேதி கடந்த பிஸ்கட் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் அப்படியே இருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு நம் வணிகப் பெருமக்களில் பலர் 'இதெல்லாம் ஏமாற்று வேலை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். அவர்களோடு நாம் முழுவதும் உடன்படவில்லை. மண்டபத்தில் விற்கப்படும் சரக்கு கலப்படமாக இருக்கலாம். அதற்காகச் சரக்கே வேண்டாம் என்று சொல்ல முடியாது. மஞ்சள் தூளில் கலப்படம் உண்டு என்பதால் நாம் மஞ்சள் விற்பதை நிறுத்திவிட்டோமா? ஒரு வியாபாரிக்கு, அதிலும் தனி ஆளாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மளிகைக் கடைக்காரருக்கு, கோச் என்று சொல்லத்தக்க ஒருவர் அவசியம் தேவை என்பதே நம் கருத்து. அவர் யார், எங்கே கிடைப்பார் என்பதில்தான் நமக்கும் மேடைக்காரர்களுக்கும் வேறுபாடு.

முதலில் அந்தச் சொல். ஹங்கேரி நாட்டில் கோச் என்று ஒரு சிற்றூர் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அவ்வூர்த் தச்சர்கள் செய்த குதிரை வண்டி ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றது. நம் ஊரில் கோச்சு வண்டி என்று சொன்னோமே, அந்தப் பெயர் வந்த வழி இதுதான். பின்னர் 1830களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வில் கரையேற்றிவிடும் தனி ஆசிரியரை வேடிக்கையாகக் 'கோச்' என்று அழைத்தார்கள். ஏறி உட்கார்ந்தால் போதும், கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்று பொருள். அங்கிருந்து அது விளையாட்டு மைதானத்துக்குப் போயிற்று. 1974இல் டிமோத்தி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் எழுதிய ஒரு நூல் இந்த விஷயத்தைத் திசை திருப்பியது. ஆட்டக்காரரிடம் 'கையை இப்படி வை, காலை அப்படி வை' என்று ஓயாமல் சொல்வதைவிட, பந்து எங்கே விழுகிறது என்று அவரையே கவனிக்கச் செய்தால் கை தானே திருந்துகிறது என்றார் அவர். அந்த வழியைப் பிரிட்டனின் ஜான் விட்மோர் தொழில் நிறுவனங்களுக்குக் கொண்டுபோனார். அவருடைய நூல் 1992இல் வெளிவந்தது. 1995இல் அமெரிக்காவில் இத்தொழிலருக்கென்று ஒரு சர்வதேசக் கூட்டமைப்பும் தொடங்கப்பட்டது.

இந்தச் சரித்திரத்தில் வியாபாரிக்குப் பயன்படுவது ஒன்றுதான். வாத்தியார் தெரியாததைச் சொல்லித் தருகிறார். ஆடிட்டர் நாம் கேட்டதற்குப் பதில் சொல்கிறார். கோச் என்பவர் நம்மைக் கேட்கிறார். நமக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் நாம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடம் எதுவோ, அந்த இடத்திலேயே கேட்கிறார். பதில் சொல்லும்வரை விடுவதில்லை. அடுத்த மாதம் வந்து 'செய்தீர்களா?' என்று மறுபடியும் கேட்கிறார். அவ்வளவுதான் கோச்சிங். கோட்டும் மேடையும் ஒலிபெருக்கியும் அதற்குத் தேவையே இல்லை.

இது நமக்குப் புதிதா? வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே வைத்து, இடித்துச் சொல்லும் துணையை மன்னனுக்குப் பரிந்துரைத்தார். மன்னனை விடுங்கள், நம் வணிக மரபையே எடுத்துக்கொள்வோம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற காலத்தில், இளைஞன் ஒருவன் நேராக முதலாளி நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. முதலில் பெட்டியடிப் பையன். கணக்குப் பெட்டியின் அடியில் உட்கார்ந்து மை ஊற்றுவது முதல் வட்டிக் கணக்கு வரை அங்கேயே கற்றான். பிறகு அடுத்தாள், அதன் பிறகே கடையை நடத்தும் மேலாள். மேலாளுக்கும் மூன்று ஆண்டுத் தவணைதான். தவணை முடிந்ததும் ஊருக்குத் திரும்பி முதலாளியிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். தவணைக்குள் என்ன செய்தாய், ஏன் செய்தாய், இந்தக் கடன் ஏன் நின்றுபோயிற்று என்று கேள்விகள் வரும். பேரேடும் ஐந்தொகையும் எதிரே விரித்திருக்கும். பதிலை அந்தக் கணக்கிலிருந்துதான் சொல்லியாக வேண்டும்.

தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்து மளிகைக் கடை வைத்த அண்ணாச்சிமார்களின் கதையும் ஏறக்குறைய இதே போக்குதான். உறவுக்காரர் கடையில் பொட்டலம் மடித்துத் தொடங்கி, எடை போட்டு, பிறகு கொள்முதலுக்குக் கொத்தவால்சாவடி போய்ப் பழகி, கடைசியில் அதே முதலாளியின் ஜாமீனில் தனிக் கடை திறந்தவர்கள் எத்தனையோ பேர். புதுக் கடைக்குச் சரக்கு கடனாகக் கொடுத்த முதலாளி, வாரம் ஒரு முறை வந்து அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பார்வைக்கு அன்று பெயர் எதுவும் இல்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக வரைய நமக்கு விருப்பமில்லை. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் சாக்கு மூட்டைமேல் படுத்து உறங்கிய சிறுவர்கள், அடி வாங்கியவர்கள், கூலி காணாதவர்கள் உண்டு. இன்று 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பையன் போனதோடு பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் மனிதரும் போய்விட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று கடை திறக்கும் இளைஞர் பட்டம் பெற்றிருக்கிறார், கைப்பேசியில் விலை பார்க்கிறார், யுபிஐயில் பணம் வாங்குகிறார். அவர் கடையின் கணக்கை அவரைத் தவிர வேறு எந்தக் கண்ணும் பார்ப்பதில்லை. வருமான வரிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் போடும் கணக்கை ஆடிட்டர் பார்க்கிறார், உண்மைதான். அந்தக் கணக்கு வேறு, கல்லாவின் கணக்கு வேறு என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!

சரி, இப்படிக் கேள்வி கேட்பதால் வியாபாரம் உண்மையிலேயே பெருகுமா? நம் நாட்டிலேயே, நம்மைப் போன்ற வியாபாரிகளை வைத்தே, இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1964இல் ஆந்திரத்தின் கடற்கரை நகரமான காக்கிநாடாவிலிருந்து வணிகர்களும் சிறுதொழில் முதலாளிகளும் ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துக்கு அழைக்கப்பட்டார்கள். ஏற்பாடு செய்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டேவிட் மெக்லேலண்ட். அங்கே அவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை, இயந்திரம் கொடுக்கவில்லை. வளையம் எறியும் விளையாட்டை விளையாடச் சொன்னார்கள்.

திருவிழாக் கடைகளில் நாம் பார்க்கும் அதே விளையாட்டுத்தான். முளைக்குச்சியில் வளையம் விழ வேண்டும்; எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பது எறிபவர் விருப்பம். சிலர் குச்சிக்குப் பக்கத்திலேயே நின்று சுலபமாகப் போடுவார்கள். சிலர் எங்கோ தூரத்தில் நின்று, விழுந்தால் அதிர்ஷ்டம் என்று வீசுவார்கள். சாதிக்கும் மனம் உள்ளவர்கள் நடுத்தர தூரத்தில் நிற்கிறார்கள் என்பது மெக்லேலண்டின் கண்டுபிடிப்பு. முயன்றால் முடியும், முயலாவிட்டால் முடியாது என்ற தூரம் அது. நம் கொள்முதலை நினைத்துப் பாருங்கள். பத்து ஆண்டுகளாக அதே பன்னிரண்டு சரக்கைத் தவிர எதையும் வாங்காதவர் குச்சிக்குப் பக்கத்தில் நிற்பவர். தீபாவளி ஸ்கீம் என்று ஏஜென்சிக்காரர் சொன்னதை நம்பி நாற்பது பெட்டி இறக்குபவர் தூரத்தில் நின்று வீசுபவர். இருவருமே தங்கள் கையை நம்பவில்லை. முதலாமவர் பயத்தை நம்புகிறார், இரண்டாமவர் சாமியை நம்புகிறார்.

ஊர் திரும்பிய அந்தக் காக்கிநாடாக்காரர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். பயிற்சி பெறாத வணிகர்களோடும், அருகிலுள்ள ராஜமுந்திரி வணிகர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழிலில் இறங்கியிருந்தார்கள், அதிகமாக முதல் போட்டிருந்தார்கள், அதிகம் பேருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். 1969இல் இது நூலாக வெளிவந்தது. பழைய பழக்க வழக்கங்களும் நம்பிக்கைகளும் உள்ளவர் முன்னேற மாட்டார் என்று அந்நாளில் சொல்லப்பட்ட வாதமும் அந்தச் சோதனையில் நிற்கவில்லை. விபூதி பூசியவரும் முன்னேறலாம், கடையில் சாம்பிராணி போடுபவரும் முன்னேறலாம். நமக்கு இது நல்ல செய்தி.

இன்னும் அண்மையில், இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவில் நம்முடையதைப் போன்ற சில்லறைக் கடைகளில் ஒரு சோதனை நடந்தது. நன்றாக நடக்கும் உள்ளூர்க் கடைகளின் வழக்கங்களையெல்லாம் தொகுத்து ஓர் அழகான கையேடாக அச்சிட்டுக் கடைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். கையேடு மட்டும் பெற்ற கடைகளில் ஒரு மாற்றமும் இல்லை. கையேட்டோடு ஒருவர் கடைக்கே நேரில் வந்து உட்கார்ந்து பேசிய இடங்களில் லாபம் கூடியது. கென்யாவின் நைரோபி நகரில் டண்டோரா என்ற ஏழைக் குடியிருப்பில், சிறு தொழில் செய்யும் பெண்களில் சிலருக்கு வகுப்பறைப் பாடமும், வேறு சிலருக்கு அதே பகுதியில் தொழிலில் ஊன்றிய மூத்த பெண்மணி ஒருவரின் துணையும் தரப்பட்டது. 2018இல் வெளியான முடிவின்படி, வகுப்பறைப் பாடத்தால் லாபம் கூடவில்லை. மூத்தவரின் துணையால் சராசரியாக 20 சதவீதம் வரை கூடியது. காரணம் மிகச் சாதாரணமானது: எந்த மொத்தக் கடையில் சரக்கு மலிவு என்பதை அந்த மூத்த பெண்மணி அறிந்திருந்தார். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சந்திப்புகள் நின்றுபோனதும் பலனும் மெல்ல மெல்லக் கரைந்துவிட்டது.

நம் தமிழ்நாட்டிலும் தன்முன்னேற்ற நூல்களுக்குப் பஞ்சமில்லை. எம்.எஸ். உதயமூர்த்தி அவர்களின் 'எண்ணங்கள்' எத்தனை இளைஞர்களை நிமிர வைத்தது என்பதை அந்தத் தலைமுறையினர் அறிவார்கள். 1988இல் அவர் மக்கள் சக்தி இயக்கத்தையும் தொடங்கினார். அந்த நூல்களின் மீது நமக்கு மதிப்பு உண்டு. ஆயினும் நூல் நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. 'நேற்று கல்லாவிலிருந்து எடுத்த ஐநூறு ரூபாயை எழுதினாயா?' என்று எந்தப் புத்தகமும் கேட்காது.

இனி நம் கரைக்கு வருவோம். மரக்காணம் உப்பளம் தொடங்கி இரும்பை வரை உள்ள கடைக்காரரின் நிலைமை சென்னைக் கடைக்காரரின் நிலைமையிலிருந்து வேறுபட்டது. உப்பளத்தில் வெயில் காலம்தான் வேலைக் காலம். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகளில் தண்ணீர் நிற்கும், கூலி நிற்கும், கடையில் கடன் ஏறும். கடலோர ஊர்களிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது அங்கே கடன் ஏறும். இரும்பையிலும் அதைச் சுற்றியும் கட்டட வேலை, முந்திரித் தோப்பு, ஆரோவில்லில் கிடைக்கும் வேலை என்று வருமானம் பலவிதம். மழை இரண்டு வாரம் பிடித்தால் எல்லாம் ஒன்றாக நிற்கும். 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல். இரண்டிலும் சரக்கு நனைந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே நம் கடன் நோட்டுதான் ஊரின் இன்சூரன்ஸ். ஆபத்துக் காலத்தில் வங்கி கதவைச் சாத்தும்போது நாம் அரிசி கொடுக்கிறோம். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பிரீமியம் வாங்காத இன்சூரன்ஸ் கம்பெனி எத்தனை நாள் நிற்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது யாருடைய கடையும் அல்ல, உதாரணத்துக்காகச் சொல்வது. நாள் வியாபாரம் 10,000 ரூபாய், கழிவு போகச் சராசரி லாபம் நூற்றுக்கு 8 என்று வையுங்கள். மாதம் 3 லட்சம் வியாபாரத்தில் 24,000 ரூபாய் கிடைக்கும். அதில் வாடகை, கரண்டு, கூலி எல்லாம் போக வேண்டும். வெளியே நிற்கும் கடன் 1,20,000. அதில் ஆறு மாதமாக நகராத பெயர்கள் மட்டும் 40,000. இந்த 40,000 போய்விட்டால், அதை 8 சதவீத லாபத்தில் திரும்பச் சம்பாதிக்க 5 லட்சத்துக்கு விற்க வேண்டும். அதாவது ஐம்பது நாள், காலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை, நின்றுபோன அந்தக் கடனுக்காகவே கடை திறந்து வைப்பதாகும்.

கதை இன்னும் முடியவில்லை. கொள்முதலுக்குக் கையில் பணம் இல்லாததால் அவர் தண்டல் வாங்குகிறார். 50,000 எழுதி, 45,000 கையில் வாங்கி, நாளொன்றுக்கு 500 வீதம் நூறு நாள் கட்டுகிறார். 'நூற்றுக்குப் பத்துதானே' என்று தோன்றும். ஆனால் அசல் தினந்தோறும் குறைந்துகொண்டே வருவதால், அவர் கையில் சராசரியாக நின்ற பணம் ஏறத்தாழ 22,500தான். நூறு நாளுக்கு 5,000 என்றால் ஆண்டுக்கு 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் வட்டி வருகிறது! ஊருக்கு வட்டியில்லாமல் ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்துவிட்டு, தான் 80 சதவீத வட்டிக்கு 45,000 வாங்கிக் கடை நடத்துகிறார். இந்த மனிதரை ஓட்டல் மண்டபத்தில் உட்கார வைத்து 'நீ சிங்கம், உன்னால் முடியும்' என்று சொன்னால் என்ன ஆகும்? இன்னும் இரண்டு தண்டல் வாங்கிக் கடையை அகலப்படுத்துவார்.

கோச் இங்கே என்ன செய்வார்? அறிவுரை சொல்ல மாட்டார். நோட்டை எடுக்கச் சொல்வார். நகராத பெயர்களை ஒரு தாளில் எழுதச் சொல்வார். பதினேழு பெயர் வருகிறது என்று வையுங்கள். 'இதில் கேட்டால் கொடுக்கக் கூடியவர் யார்?' ஆறு பேர். 'ஏன் கேட்கவில்லை?' இந்த இடத்தில் கடைக்காரர் மௌனமாவார். சொந்தக்காரர், பஞ்சாயத்தில் செல்வாக்கு உள்ளவர், கேட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயம். எல்லாம் மெதுவாக வெளியே வரும். 'இந்த ஆறு பேரில் யாரிடம் முதலில் கேட்பீர்கள்? எந்த நாளில்?' கூலி கிடைக்கும் சனிக்கிழமை சாயங்காலம் என்று கடைக்காரரே சொல்வார். மழைக்கு முன்பே வீட்டுக்கு இவ்வளவுதான் கடன் என்று வரம்பு கட்டலாம் என்பதும் அவருக்கே தோன்றும். தானே கண்டுபிடித்த வழி என்பதால் அதன்படி நடப்பார். நாம் சொல்லியிருந்தால் 'உனக்கென்ன தெரியும், என் ஊர் நிலைமை வேறு' என்றிருப்பார். வியாபாரியின் சுபாவம் அது!

வியாபாரத்தோடு இது நின்றுவிடுவதுமில்லை. மளிகைக் கடைக்காரரைச் சுற்றி நாள் முழுவதும் மனிதர்கள். ஆனால் மனம் விட்டுப் பேச ஒருவரும் கிடையாது. வாடிக்கையாளரிடம் கஷ்டத்தைச் சொன்னால் கடை ஆட்டம் காண்கிறது என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். மொத்தக் கடையில் சொன்னால் அடுத்த லோடு கடனுக்கு வராது. வீட்டில் சொல்ல வெட்கம். சர்க்கரை நோய், முதுகுவலி, பிள்ளைகளோடு ஒரு விசேஷத்துக்குக்கூடப் போக முடியாத ஏக்கம், மகன் கடைக்கு வரமாட்டேன் என்று சொன்ன வருத்தம் எல்லாம் கல்லாவுக்கு உள்ளேயே கிடக்கும். 'லைஃப் கோச்சிங்' என்று பெரிய பெயரில் சொல்வது, இதையெல்லாம் ஒருவர் காது கொடுத்துக் கேட்பதுதான். வாரத்தில் அரை நாள் கடை அடைத்தால் உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று யாராவது கேட்டு, நாம் கணக்குப் போட்டுப் பார்த்தால், பயந்த அளவுக்கு இராது. தூக்கமே போய், உயிர் கசந்துபோகும் அளவுக்குப் போனவருக்கு மட்டும் கோச் போதாது. அவரை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இந்த எல்லையை அறியாத பயிற்சியாளரிடம் யாரும் போக வேண்டாம்.

இரும்பை என்றதும் நம்மில் பலருக்கு ஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் நினைவுக்கு வரும். வியாபாரிகள் அந்த ஊரில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1983இல் தொடங்கிய ஆரோவில் வில்லேஜ் ஆக்‌ஷன் குரூப் என்ற அமைப்பு இரும்பையிலிருந்து இயங்கிக்கொண்டு, சுற்றுவட்டாரக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களை வளர்த்துவருகிறது. தமிழக அரசும் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் இத்தகைய குழுக்களைத் தொடங்கிப் பிறகு மாநிலமெங்கும் விரித்தது. இக்குழுக்களில் பெண்கள் வட்டமாக உட்காருகிறார்கள். சேமிப்பை எல்லோர் முன்பும் எண்ணுகிறார்கள். கடன் கேட்பவரை 'எதற்கு? எப்படிக் கட்டுவாய்? போன முறை ஏன் தாமதம்?' என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். அவர் பதில் சொல்கிறார். மாதந்தவறாமல் நடக்கிறது இது.

இவர்கள் யார்? நம் கடையில் கால் கிலோ பருப்பும் நூறு எண்ணெயும் வாங்கிப் போகிறவர்கள். நம் கடன் நோட்டில் பெயர் உள்ளவர்கள். அவர்களுக்கு வாய்த்த கேள்வியும் கணக்கும் கடைக்காரரான நமக்கு வாய்க்கவில்லை. ஆண்கள் கூடினால் அரசியல் பேசுகிறோம், கார்ப்பரேட் கடைகளைத் திட்டுகிறோம், ஆன்லைன் வியாபாரத்தைத் தடை செய்யச் சொல்லித் தீர்மானம் போடுகிறோம். தீர்மானங்கள் வேண்டியவைதாம்; சங்கம் அதற்காகத் தொடர்ந்து குரல் கொடுக்கும். ஆனால் ஒருவருக்கொருவர் நோட்டைக் காட்டிக்கொள்வதில்லை.

கட்டணம் கட்டித்தான் இதைப் பெற வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. கிராமப்புற இளைஞர்களுக்காக வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம். 1982இல் கர்நாடகத்தின் தர்மஸ்தலா அருகே உஜிரேயில் தொடங்கிய ஒரு முயற்சியைப் பின்பற்றி நாடெங்கும் இவை ஏற்பட்டன. பயிற்சி முடிந்த பிறகு இரண்டு ஆண்டு தொடர்ந்து விசாரிக்க வேண்டும் என்பது இவற்றின் விதி. நமக்கு முக்கியம் அந்த இரண்டு ஆண்டுதான். நம்மவர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு அதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தையும், தமிழக அரசின் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தையும் விசாரிக்கலாம். கட்டணம் வாங்கும் கோச்சிடம்தான் போவேன் என்பவர் ஒன்றை அறிந்துகொள்ளட்டும்: நம் நாட்டில் இந்தப் பெயர்ப் பலகை மாட்டச் சட்டப்படி எந்தப் பட்டமும் தேவையில்லை. கடைக்கு ஒரு முறையாவது வந்து பார்ப்பாரா, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறாரா, நம்மைப் பேச விடுகிறாரா, கடைசியில் ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் என்கிறாரா என்று பாருங்கள். கடைசிச் சொல் வந்தவுடன் எழுந்து வந்துவிடலாம்.

நம் சங்கத்துக்கு நாம் வைக்கும் யோசனை எளியது. இருவர் இருவராகச் சேர வேண்டும். ஒரே தொழில், ஆனால் வேறு வேறு ஊர். இரும்பைக்காரருக்கு மரக்காணத்துக்காரர், வானூர்க்காரருக்குத் திண்டிவனத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே தெருவில் உள்ளவர் வேண்டாம். போட்டி குறுக்கே வரும். மொத்த வியாபாரி, தன்னிடம் சரக்குக் கடன் வைத்திருக்கும் சில்லறைக் கடைக்காரருக்குக் கோச்சாக இருக்கக் கூடாது. கேள்வி எல்லாம் வசூலில் போய் முடியும். வேறு வட்டாரத்துக் கடைக்காரருக்கு அவர் தாராளமாக இருக்கலாம். சில்லறைக் கடை மூழ்கினால் மொத்தக் கடையின் பாக்கியும் சேர்ந்தே மூழ்கும் என்பதால் மொத்த வியாபாரிகள் இதில் ஒதுங்கி நிற்க நியாயமில்லை. கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கும் மூத்தவர்களை முதலில் அழைக்க வேண்டும். அவர்களுக்கு நேரமும் இருக்கிறது, பேரேடு பார்த்த கண்ணும் இருக்கிறது. கிராமங்களில் கடையைத் தனியே நடத்தும் பெண்கள் கணிசமானவர்கள். அவர்களை ஆண்கள் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார வைக்காமல், அவர்களுக்குள்ளேயே ஜோடி சேர விடலாம்.

'நம் தொழில் ரகசியம் வெளியே போய்விடாதா?' என்று ஒரு கேள்வி வரும். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒருவருக்கு நம் பருப்பு விலை தெரிவதால் என்ன நஷ்டம்? கடன்காரர் பெயரைச் சொல்ல வேண்டாம்; ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டுக்கொள்ளலாம். பேசியது வெளியே போனால் அந்த ஜோடியைக் கலைத்துவிட வேண்டியதுதான். தனியாகச் சுமப்பதைவிட இந்த அபாயம் சிறியது என்று நாம் கருதுகிறோம்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கடையிலேயே, ஒரு மணி நேரம். டீச் செலவைத் தவிர வேறு செலவு இல்லை. மழைக்கடன் ஏறுவதற்கு முன்பே, புரட்டாசிக்குள் முதல் சந்திப்பு நடந்துவிடுவது நல்லது. முதல் சந்திப்புக்குக் கடன் நோட்டு, தண்டல் அட்டை, வீட்டுக்கு எடுத்த சாமான்களின் பற்று மூன்றும் எடுத்து வைத்திருக்க வேண்டும். மூன்றாவதை எழுதும் வழக்கம் இல்லாதவர்கள் இன்று இரவு கடை அடைக்கும் முன் தொடங்கலாம். பெயர் கொடுக்க விரும்பும் அன்பர்கள் அடுத்த பொதுக்குழு வரை காத்திருக்காமல், சந்தா வசூலுக்கு வரும் நிர்வாகியிடமே கொடுத்துவிடலாம்.